கீசரை மாடியிலிருந்து கீழே இறக்க 27,000 ரூபாயா?

லாஸ்பேட்டை குமரன் | டிசம்பர் 3, காலை 7:12

எல்லாருக்கும் வணக்கம். பாண்டி லாஸ்பேட்டையில் எங்கள் வீடு, 2004-ல் கட்டியது. மாடி பாத்ரூமில் 15 லிட்டர் பாய்லர், ஒன்பது வருஷமாக ஓடுகிறது. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதிலிருந்து படி ஏற முடியவில்லை. கீழ் அறைக்கு வந்துவிட்டார். தினமும் காலையில் நான்தான் மேலே தண்ணீர் சுட வைத்து, வாளியோடு படியிறங்குகிறேன். போன வாரத்திலிருந்து பாய்லரும் அடியில் சொட்டுகிறது.

சரி, ஒரேயடியாகப் புதுசு வாங்கிக் கீழேயே மாட்டிவிடலாம் என்று ஒரு பிளம்பரைக் கூப்பிட்டேன். பத்து நிமிஷம் நின்று பார்த்தார். காலண்டர் தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தார்:

புது 25 லிட்டர் கீசர் 12,800. பழசைக் கழற்றிப் புதுசு மாட்ட 1,500. பைப், ஃபிட்டிங், கூலி 5,200. கரண்ட் வேலை 3,900. சுவர் வெட்டி டைல்ஸ் ஒட்ட 3,600. மொத்தம் 27,000.

கீசர் விலை பாதிகூட இல்லை, மீதியெல்லாம் "இடம் மாற்றுவதற்கு". இது நியாயமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓ.டி. ஆறுமுகம் | டிசம்பர் 3, காலை 8:05

தம்பி, பாய்லர் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் எங்கள் வீட்டுச் செம்பு பாய்லர் ஞாபகம் வந்துவிட்டது. கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்டு டவுனில், எங்கள் பின்கட்டில் இருந்தது. நடுவில் புகைக்குழாய், அடியில் தணல், சுற்றித் தண்ணீர். கொட்டாங்கச்சியும் சவுக்கு மிலாறும் போட்டால் ஐந்து பேர் குளிக்கத் தண்ணீர் காயும். ஒரு தடவை பண்ருட்டி மாமா முந்திரி ஓடு ஒரு மூட்டை கொண்டுவந்து போட்டார். எரிச்சல் தாங்காமல் தெருவே இருமியது.

அதை இடம் மாற்ற ஆன செலவு: இரண்டு ஆள், ஒரு டீ. தாத்தா வெயில் காலத்தில் திண்ணைப் பக்கமும் மழைக்குத் தாழ்வாரத்துக்கும் நகர்த்திக்கொண்டே இருப்பார்.

உங்கள் கேள்விக்கு இது பதில் இல்லை, மன்னிக்கணும்.

சாரம் பிளம்பர் | டிசம்பர் 3, மதியம் 1:40

நான் இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலைதான். வேறொருத்தர் கொடுத்த ரேட்டைக் குறை சொல்ல மாட்டேன், நேரில் பார்க்காமல் சொல்வதும் சரியில்லை. ஆனால் சில விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில், எங்கே சொட்டுகிறது? பக்கத்தில் இருக்கிற சேஃப்டி வால்வு மூக்கில் சொட்டினால் அது கோளாறே இல்லை. தண்ணீர் சூடானால் உப்பும். 15 லிட்டர் 28 டிகிரியிலிருந்து 60-க்குப் போனால் சுமார் 200 மில்லி கூடும், ஒரு டம்ளர். வந்த வழியே திரும்பிப் போக அந்த வால்வு விடாது, அதனால் அழுத்தம் 8 பாருக்குப் போனதும் வெளியே துப்பும். இதைப் பார்த்துப் பயந்து கீசரையே மாற்றியவர்களை எனக்குத் தெரியும். தண்ணீரைச் சுட வைக்கிற எலிமெண்ட் பூட்டியிருக்கிற தட்டைச் சுற்றிச் சொட்டினால் கேஸ்கெட் போயிருக்கும், நூறு இருநூறில் முடியும். வெளிக்கூட்டின் அடி ஓட்டையிலிருந்து பழுப்பாக வடிந்தால்தான் உள் டேங்க் ஓட்டை. அதை ஒட்டவைக்க யாராலும் முடியாது, ஒட்டித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, 25 லிட்டர் எதற்கு? அம்மா ஒருத்தர்தானே. 60 டிகிரியில் 15 லிட்டர் இருந்தால் பச்சைத் தண்ணீர் கலந்து 40 லிட்டர் இதமான தண்ணீர் வரும். இரண்டு வாளி.

மூன்றாவதுதான் பணம் போகிற இடம். உங்கள் ரேட்டில் பைப்புக்கு 5,200 என்றால் 25, 30 அடி ஓட்டப் போகிறார் என்று அர்த்தம். கீசரை எங்கே வைக்கச் சொன்னீர்கள்? பாத்ரூமுக்குள்ளேயா, வேறு இடத்திலா?

லாஸ்பேட்டை குமரன் | டிசம்பர் 3, மதியம் 2:15

சமையலறை லாஃப்டுக்குக் கீழே வைத்தால் பாத்திரம் கழுவவும் வெந்நீர் கிடைக்கும், ஒரே கீசரில் இரண்டு வேலை என்று நான்தான் சொன்னேன். அங்கிருந்து அம்மா பாத்ரூமுக்கு 28 அடி என்றார்.

சொட்டுவது அடி ஓட்டையிலிருந்துதான் அண்ணே. துரு நிறம்.

சாரம் பிளம்பர் | டிசம்பர் 3, மதியம் 2:31

அப்போ டேங்க் போச்சு, புதுசுதான். ஆனால் 28 அடி வேண்டாங்க. முக்கால் இஞ்ச் சிபிவிசி (வெந்நீர் தாங்குகிற பிளாஸ்டிக்) பைப்பில் ஒரு மீட்டருக்குக் கால் லிட்டர் தண்ணீர் நிற்கும். 28 அடிக்கு இரண்டு லிட்டர் சொச்சம். அம்மா குழாயைத் திறந்தால் முதலில் அந்த இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீர் வரும். மூடியதும் அதே அளவு வெந்நீர் பைப்புக்குள் கிடந்து ஆறும். 15 லிட்டரில் ஏழில் ஒரு பங்கு தினமும் சுவருக்குக் குளிக்க வைக்கிறீர்கள். அந்த இரண்டு லிட்டர் நஷ்டத்தைச் சரிக்கட்டத்தான் 25 லிட்டர் எழுதியிருப்பார், பாவம்.

சமையலறைக்கு வெந்நீர் வேண்டுமென்றால் தனியாக 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் பிறகு வாங்கிக்கொள்ளுங்கள். அம்மா பாத்ரூமின் மறுபக்கச் சுவர் எங்கே போகிறது?

லாஸ்பேட்டை குமரன் | டிசம்பர் 3, மதியம் 2:50

பின்கட்டு. துணி துவைக்கிற இடம். மேலே ஷீட் போட்டிருக்கிறது.

சாரம் பிளம்பர் | டிசம்பர் 3, மதியம் 2:53

அட, அங்கே மாட்டுங்கள்! சுவரில் ஒரே ஓட்டை. டைல்ஸில் கை வைக்க வேண்டாம்.

நெய்வேலி ரிட்டையர்டு | டிசம்பர் 3, இரவு 9:20

பிளம்பர் தம்பி சொன்னது அத்தனையும் சரி. கரண்ட் பக்கம் நான் சொல்கிறேன், 34 வருஷம் அதிலேயே இருந்தவன்.

3,900 ரூபாயைப் பேரம் பேசிக் குறைக்காதீர்கள். குறைக்கவே கூடாத வரி அது ஒன்றுதான். 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 3,000 வாட் இன்ஸ்டன்ட் 13 ஆம்பியர். மெயின் போர்டிலிருந்து தனி லைன், 2.5 சதுர மில்லி செம்புக் கம்பிக்குக் குறையாமல், இன்ஸ்டன்ட் என்றால் 4. லோடு கூடினால் தானே விழுகிற எம்சிபியும் தனி. பக்கத்தில் இருக்கிற வாஷிங் மெஷின் பாயிண்டிலிருந்தே இழுத்துக் கொடுத்துவிடுகிறேன் என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது எர்த். நம் பக்கம் பழைய வீடுகளில் மூன்று பின் பாயிண்ட் இருக்கும், பெரிய ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. அல்லது நியூட்ரலையே அங்கே வளைத்துக் கோர்த்திருப்பார்கள். அது இல்லாததைவிட மோசம். கீசர் எலிமெண்ட் வெடித்து மின்சாரம் தண்ணீரில் இறங்கினால் குளிக்கிறவர்தான் எர்த். அதனால் எர்த் குழியைச் சோதித்து, மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று போடுங்கள். கடையில் இன்னும் இ.எல்.சி.பி என்றுதான் கேட்கணும், அப்போதுதான் எடுத்துத் தருவார்கள்.

கடற்காற்றில் பிளக் பின் கறுத்துப்போகும், சாக்கெட் உருகும். கீசருக்குப் பிளக்கே வேண்டாம், நேராக இரண்டு கம்பியையும் துண்டிக்கிற டிபி சுவிட்ச் வைத்து முடுக்கிவிடுங்கள். 2024 ஃபெஞ்சல் புயல் மழையில் பாண்டியில் எத்தனை வீட்டுக் கீழ்த்தளத்தில் தண்ணீர் நின்றது என்று உங்களுக்கே தெரியும். பின்கட்டில் சுவிட்சைத் தோள் உயரத்துக்குக் கீழே வைக்காதீர்கள்.

வில்லியனூர் பாபு | டிசம்பர் 3, இரவு 10:02

எதுக்கு இவ்வளவு கஷ்டம்? கேஸ் கீசர் வாங்கி பாத்ரூம்லயே மாட்டுங்க. அஞ்சாயிரம் ரூபாய். கரண்ட் லைனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். திறந்தா உடனே சுடுதண்ணி.

நெய்வேலி ரிட்டையர்டு | டிசம்பர் 3, இரவு 10:09

பாபு, பாத்ரூமுக்குள் கேஸ் கீசரா? மூடின அறையில் அது எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறம் இல்லை, வாசனை இல்லை. மயக்கம் வருவதற்குள் தாழ்ப்பாள் வரை நடக்கக்கூட முடியாது. முட்டி ஆபரேஷன் ஆன அம்மாவுக்கு இதைச் சொல்லலாமா? வெளியே, காற்றோட்டமாக, புகை வீட்டுக்குள் திரும்பாத இடத்தில் என்றால் மட்டும் பேசலாம்.

வில்லியனூர் பாபு | டிசம்பர் 3, இரவு 10:30

சரிங்க சார். எங்க வீட்லயும் உள்ளதான் இருக்கு. நாளைக்கே வெளியே மாத்தறேன்.

மஞ்சக்குப்பம் விஜி | டிசம்பர் 4, காலை 6:48

ஒன்பது வருஷம் ஓடியதா? கொடுத்து வைத்தவர் நீங்கள். கடலூரில் எங்கள் போர் தண்ணீருக்கு முதல் கீசர் மூன்றரை வருஷத்தில் போய்விட்டது. தேவனாம்பட்டினம் பக்கம் இருக்கிற என் ஓரகத்தி வீட்டில் இன்னும் மோசம், டீ போட்டால் உப்புக் கரிக்கும்.

புதுசு மாட்டும்போதே ஆனோடு ராடு பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். டேங்குக்குள் ஒரு மக்னீசியம் கம்பி இருக்கும். தண்ணீரில் உள்ள உப்பு டேங்க் இரும்பைத் தின்பதற்குப் பதில் முதலில் அதைத் தின்னும். அது கரைந்து தீர்ந்த பிறகுதான் டேங்கில் கை வைக்கும். எங்களுக்கு இதை யாருமே சொல்லவில்லை. முதல் கீசரைக் கழற்றினபோது அந்த இடத்தில் வெறும் கம்பி முள் மட்டும் இருந்தது. இப்போது இரண்டாவதுக்கு வருஷா வருஷம் திறந்து பார்க்கச் சொல்கிறேன், ஒன்றரை வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறோம். சில நூறு ரூபாய்தான். ஆறாவது வருஷம் ஓடுகிறது.

எலிமெண்டில் சுண்ணாம்பு படிந்து முறுக்கு மாதிரி தடித்திருந்தது. அதைத் தூக்கிப் போடாமல் சிட்ரிக் ஆசிட் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டால் விட்டுவிடும். சூட்டை 60-க்கு மேல் வைத்தால் இன்னும் வேகமாகப் படியும்.

முக்கியமாக, கீசருக்குக் கீழே ஒரு அடி இடம் விடச் சொல்லுங்கள். எலிமெண்ட் கீழ்ப்பக்கமாகத்தான் உருவ வேண்டும். எங்கள் வீட்டில் அழகாக இருக்கட்டும் என்று அலமாரிக்கு மேல் ஒட்டி மாட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் கீசரையே இறக்க வேண்டியிருக்கிறது.

சொல்தா பேரன் | டிசம்பர் 4, மதியம் 3:30

உங்கள் 27,000 ரூபாய்ப் புலம்பலைப் படித்துச் சிரிப்பு வந்தது, கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் முத்தியால்பேட்டைக்காரன். தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா, அதனால் நாங்கள் இப்போது பாரிஸ் புறநகரில். போன வருஷம் எங்கள் வீட்டு ஷோதியேர் மாற்றின கதையைச் சொல்கிறேன். பாய்லரைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள்.

இங்கே பாய்லர் என்றால் குளிக்கிற தண்ணீர் மட்டும் இல்லை. அதே பெட்டிதான் எல்லா அறைக்கும் ரேடியேட்டரில் சுடுதண்ணீர் சுற்றவிட்டு வீட்டையே சூடாக்கும். உங்களுடையது 2 கிலோவாட். எங்களுடையது எரிவாயுவில் ஓடும் 24 கிலோவாட்.

இருந்த இடத்திலேயே பழசை எடுத்துவிட்டுப் புதுசு வைக்க 3,700 யூரோ கேட்டார்கள். சமையலறையிலிருந்து நடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சின்ன அறைக்கு மாற்றினால் 6,100. நான்கு மீட்டர்தான் தூரம்! வித்தியாசம் 2,400 யூரோ எதற்கு என்று கேட்டேன். புகைக்குழாய் 650. வெளிக்குழாய் வழியாகக் காற்று உள்ளே வந்து, உள்குழாய் வழியாகப் புகை வெளியே போகும் இரட்டைக் குழாய் அது. ஜன்னலிலிருந்து இத்தனை தள்ளி இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எரிவாயு, ரேடியேட்டர், குடிநீர்க் குழாய்கள் எல்லாவற்றையும் நீட்ட 1,150. பிறகு 300 யூரோவுக்கு ஒரு பம்ப். அது ஏன் என்றால், இப்போதைய பாய்லர்கள் புகையில் இருக்கிற நீராவியையும் குளிரவைத்து அதன் வெப்பத்தையும் எடுத்துக்கொள்ளும். அப்போது லேசான அமிலத் தண்ணீர் வடியும், அதைச் சாக்கடையில் சேர்க்க வேண்டும். அந்தச் சின்ன அறையில் சாக்கடை இல்லை. கடைசி 300 சுவர் பூச.

இதற்கு மேல் 2025 மார்ச்சிலிருந்து எரிவாயு பாய்லர் மாற்றும் வேலைக்கு வரி 20 சதவீதம் ஆகிவிட்டது. எரிவாயுக் குழாயைத் தொட்டால் சான்றிதழ். வருஷத்துக்கு ஒரு தடவை சர்வீஸ் செய்தே ஆக வேண்டும், அது சட்டம்.

மாற்றினேன். பழைய இடத்தில் ஒரு அலமாரி வைத்தோம். "2,400 யூரோவுக்கு ஒரு அலமாரி" என்று என் மனைவி விருந்தாளிகளுக்கு அதைத் திறந்து காட்டுகிறாள்.

ஓ.டி. ஆறுமுகம் | டிசம்பர் 4, மாலை 5:15

இரண்டு ஆள், ஒரு டீ.

செம்மண்டலம் சூரியா | டிசம்பர் 4, இரவு 8:44

யாருமே சோலார் பற்றிச் சொல்லவில்லையே? 100 லிட்டர் சோலார் ஹீட்டர் 20,000 சுமாருக்கு வரும், கரண்ட் பில்லே கிடையாது.

மஞ்சக்குப்பம் விஜி | டிசம்பர் 4, இரவு 9:10

எங்கள் வீட்டில் இருந்தது. 2011 டிசம்பர் 30, தானே புயல். விடிந்து பார்த்தால் மொட்டை மாடியில் ஸ்டாண்டு மட்டும் நின்றது. கண்ணாடிக் குழாய்கள் பின் தெரு தென்னந்தோப்பில் கிடந்தன. அதில் இரண்டு உடையாமல் இருந்ததுதான் ஆச்சரியம். அப்போதெல்லாம் மத்திய அரசு மானியம் வந்துகொண்டிருந்தது, 2014-ல் நிறுத்திவிட்டார்கள். திரும்ப வாங்க மனசு வரவில்லை.

அதோடு வெந்நீர் நிஜமாக வேண்டியிருக்கிற கார்த்திகை, மார்கழியில்தானே நமக்கு மழை, மேகம்? சித்திரையில் குழாயைத் திறந்தாலே சுடுகிறது, சோலார் எதற்கு?

செம்மண்டலம் சூரியா | டிசம்பர் 4, இரவு 9:26

புயலுக்கு நல்ல ஆங்கர் போட்டால் நிற்கும் அக்கா. ஆனால் மொட்டை மாடியிலிருந்து கீழ் பாத்ரூம் வரை பைப் இறக்கணும், அது 40 அடி வரும். 28 அடிக்கே இவ்வளவு பேச்சு. குமரன் சாருக்கு இது வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன்.

உருளையன்பேட்டை செந்தில் | டிசம்பர் 5, காலை 11:05

எல்லாம் சரி, ஒரு கீசர் கழற்றி மாட்ட 1,500 ரூபாய் அநியாயம் இல்லையா? அரை மணி நேர வேலை. கம்பெனி ஆள் வந்தால் புதுசை இலவசமாகவே மாட்டிக் கொடுக்கிறார்.

சாரம் பிளம்பர் | டிசம்பர் 5, இரவு 7:50

செந்தில் சார், கம்பெனி ஆள் மாட்டுவது பாயிண்ட் தயாராக இருக்கிற இடத்தில். கனெக்‌ஷன் பைப், வால்வு, ஆங்கர் போல்ட் எல்லாம் அவரும் காசுக்குத்தான் தருவார், பில்லைப் பாருங்கள். பழசைக் கழற்றுவது தனி. மாடி ஜிஐ இரும்பு பைப்பில் ஒன்பது வருஷத் துரு, ஸ்பேனர் வைத்துத் திருப்பினால் நட்டு வராது, பைப்பே சுவருக்குள் முறுக்கிக்கொண்டு வரும். அப்போது அரை மணி நேரம் அரை நாள் ஆகும், அந்தப் பழியும் எங்கள் தலையில். ஹெல்பருக்கும் சம்பளம் கொடுக்கணும் சார்.

குமரன் சார், இன்னொன்று. பின்கட்டுச் சுவர் எத்தனை இஞ்ச்? தண்ணீரோடு சேர்த்து 15 லிட்டர் கீசர் 23 கிலோ வரும். ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர் என்றால் பயம் இல்லை. நாலரை என்றால் கீழே ஆங்கிள் கொடுக்கணும். பழைய சுண்ணாம்புச் சுவரில் போல்ட் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், உங்களுடையது 2004 வீடு, சிமெண்ட்தான் இருக்கும். நெட்டுக்கு மாட்டுகிற மாடலைப் படுக்கப்போட்டு மாட்டச் சொல்லாதீர்கள், காற்று அடைத்து எலிமெண்ட் தண்ணீரில்லாமல் எரிந்துபோகும்.

லாஸ்பேட்டை குமரன் | டிசம்பர் 14, மாலை 6:20

வேலை முடிந்தது. கணக்கு எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

அதே பிளம்பரைத்தான் திரும்பக் கூப்பிட்டேன். பின்கட்டு யோசனையைச் சொன்னதும், "நீங்கதானே சார் கிச்சன்ல வேணும்னீங்க" என்றார். அதுவும் உண்மைதான். சுவர் ஒன்பது இஞ்ச்.

15 லிட்டர் கீசர் 8,700. கழற்றி மாட்டினது 800. மாடிப் பழசை முழுக்கப் பெயர்க்காமல், கீசரை மட்டும் இறக்கி இரண்டு பாயிண்டிலும் மூடி போட்டுவிட்டார், அதனால் குறைந்தது. ஆறு அடி சிபிவிசி, வால்வு, கூலி 1,450. வெயில் படுகிற துண்டுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொன்னார், பாக்கி இருக்கிறது. ஓட்டை போட்டு அடைக்க மேஸ்திரிக்கு 400. கரண்ட் வேலை 4,300.

ஆமாம், கரண்ட் மட்டும் ஏறியது. நெய்வேலி சார் சொன்னபடி பார்க்கச் சொன்னேன். கீழ் பாத்ரூம் பாயிண்டில் எர்த் கம்பியே இல்லை. இருபது வருஷமாக அந்தப் பாயிண்டில்தான் ஹீட்டர் ராடு மாட்டிக் குளித்திருக்கிறோம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மொத்தம் 15,650. பழைய கீசரைக் காயலான் கடையில் 400-க்கு எடுத்துக்கொண்டார்கள்.

மொட்டை மாடித் தண்ணீர் டேங்கிலிருந்து இறக்கம் கூடியதால் மாடியைவிடக் கீழே வேகமாக வருகிறது. காலையில் சுவிட்ச் போட்டால் பதினேழு, பதினெட்டு நிமிஷத்தில் தயார், கரண்ட் அரை யூனிட்டுக்குச் சற்றுக் கூட.

மஞ்சக்குப்பம் விஜி | டிசம்பர் 14, இரவு 7:02

அம்மா என்ன சொல்கிறார்?

லாஸ்பேட்டை குமரன் | டிசம்பர் 14, இரவு 7:15

முதல் நாள் குழாயைத் திறந்து கை வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கா பத்து நாள் கம்ப்யூட்டர்ல உக்காந்திருந்தே?" என்றார். இன்றைக்கு ஆறு மணிக்கே சுவிட்ச் போட்டுவிட்டு, தண்ணீர் காய்ந்ததா என்று பார்க்கப் பின்கட்டுக்கு நாலு தடவை நடந்தார். டாக்டர் நடக்கச் சொல்லி மூன்று மாதமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தோம்.